நேர்ந்துவிட்ட கோழிகள்

செங்கேணி வளர்த்த கோழிகள் பன்னிரண்டு. இரண்டு சேவல், பத்துப் பெட்டை. பன்னிரண்டுக்கும் தின்கிற வேலையைத் தவிர வேறு வேலை கிடையாது. காலையில் திறந்துவிட்டால் முற்றத்தில் போட்டதையெல்லாம் முடித்துவிட்டு, இவ்வளவுதானா என்பதுபோல் அவள் மூஞ்சியைப் பார்க்கும்.

உத்திரமேரூர் பஜாரில் அப்துல் ஜப்பார் பாயின் தீவனக் கடை. அங்கே அவள் போகிற ஒவ்வொரு தடவையும் மக்காச்சோளத்தின் விலை ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்திருக்கும்.

"இன்னா பாய், போன தபா ஒரு வெல, இந்த தபா ஒரு வெலயா? சோளம் இன்னா தங்கக் கொல்லையிலயா வெளையுது?"

"என்னாண்ட சண்ட போட்டு இன்னாம்மா பண்றது? சோளத்த எல்லாம் வாங்கினு போயி, காய்ச்சி, பெட்ரோல்ல கலக்குறாங்களாம். ஒன் கோழிக்குப் போட்டியா இப்ப பைக்கு, காரெல்லாம் சோளம் துன்னுது."

தவிடு வாங்கலாம் என்றால் அதுவும் ஏறியிருந்தது. கருவாட்டுத் தூளைப் பற்றிக் கேட்கவே பயமாக இருந்தது. பாதி மூட்டையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அவள் புருஷன் கலைச்செல்வன் கொத்தனார் வேலைக்குப் போகிறவன். மூட்டையைப் பார்த்ததும் சிரித்தான்.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க? இந்தத் தீனி காசுக்கு முட்டைய கடையிலயே வாங்கித் துன்லாமே. எல்லாத்தையும் புடிச்சி வித்துடு."

அவன் சொன்னது தப்பில்லை. அதனால்தான் அவளுக்கு அவ்வளவு கோபம் வந்தது. வருஷக்கணக்காகச் சேற்றில் நின்று நாற்று நட்டதில் அவளுடைய இரண்டு முட்டியும் போய்விட்டன. கூலி வேலையை விட்ட பிறகு, ஒரு ஜாக்கெட் துணிக்குக்கூட யார் முகத்தையும் பார்க்காமல் இருக்கிறாள் என்றால் அது இந்தக் கோழிகள் போடுகிற முட்டைக் காசால்தான். கோழி போனால் அந்த நிமிர்வும் போகும்.

"ஆடித் திருவிழா வரைக்கும் வுடுய்யா. அதுக்கப்பறம் தீனிக்குன்னு உன்னாண்ட கை நீட்னா, நீயே புடிச்சி வித்துடு" என்றாள்.

அப்போது நவரைப் பட்டத்து நெல் அறுப்பு. தார் ரோட்டில் ஒரு பாதியை அடைத்து நெல் காய்ந்துகொண்டிருந்தது. கோழிக்கு அதைவிடச் சொர்க்கம் ஏது? ஆனால் அந்தச் சொர்க்கத்தின் வாசலில் பக்கத்து வீட்டு முனியன் தடியோடு உட்கார்ந்திருந்தான். குத்தகைக்குப் பயிர் வைத்தவன், ஒரு மணி நெல்லையும் விடமாட்டான். அவன் வீசிய தடியில் ஒரு பெட்டை நொண்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தது.

அதைத் தடவிக்கொடுக்கும்போதுதான் செங்கேணிக்கு அந்த யோசனை வந்தது. அந்த ஊரில் துலுக்காணத்தம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் என்றால் காலில் மஞ்சள் துணி கட்டியிருக்கும். அது எந்த வீட்டு நெல்லைக் கொத்தினாலும் யாரும் விரட்டமாட்டார்கள். கொத்துவது சேவல் இல்லை, அம்மன்.

மறுநாள் காலை பன்னிரண்டு கோழிகளும் காலில் மஞ்சளோடு ரோட்டுக்கு நடந்தன.

முனியன் ஓங்கிய தடியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். "இன்னாமே இது? பொட்டக் கோழியக்கூடவா நேந்துவுடுவாங்க?"

"ஏன், ஆத்தா மட்டும் இன்னா ஆம்பளையா? என் முட்டி வலிக்கு வேண்டிக்கினேன்."

அவன் தடியைக் கீழே போட்டான். சாமி காரியத்தில் வாய் விட்டால் கண்ணு போய்விடும் என்று நம்புகிறவன். கோழிகள் வயிறு முட்டத் தின்றன. செங்கேணிக்கும் உள்ளுக்குள் பயம்தான். ராத்திரி படுக்கும்போது, 'கோச்சிக்காதே ஆத்தா' என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் தூங்கினாள். இருந்தாலும் ஜப்பார் பாய் கடைப் பக்கம் போகாத சந்தோஷம் பெரிதாக இருந்தது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. முனியன் வீட்டுக் கோழிகள் காலிலும் மஞ்சள் ஏறியது. என்ன வேண்டுதல் என்று கேட்டதற்கு, பம்பு செட்டு நல்லா ஓடணுமாம். அப்புறம் எதிர்வீடு. அப்புறம் கோடி வீடு. எல்லாருக்கும் சோளம் அதே விலைதானே. ஊரில் திடீரென்று பக்தி பெருகிவிட்டது. இவள் கோழி அவன் நெல்லைத் தின்றது. அவன் கோழி இவள் வாசலில் காயவைத்த வேர்க்கடலையைத் தின்றது. யாரும் யாரையும் விரட்ட முடியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொழுத்தது கோழிகள் மட்டும்தான்.

ஆடி பிறந்தது. தர்மகர்த்தா கிருஷ்ணசாமி கோயில் மைக்கில் தொண்டையைச் செருமினார்.

"வர்ற ஞாயித்துக்கெழம ஆடித் திருவிழா, கூழ் ஊத்தறோம். ஆத்தாவுக்கு மஞ்சத் துணி கட்னது ஒண்ணு வுடாம காலையில கோயிலாண்ட வந்துடணும்."

செங்கேணிக்குச் சோறு இறங்கவில்லை. நேர்ந்துவிட்டதை வெட்டவும் ஒரு நாள் உண்டு என்பது அவளுக்குத் தெரியாததா? விலை ஏறின கிறுக்கில் அதை நினைக்காமல் விட்டுவிட்டாள். பன்னிரண்டும் போனால் கூண்டை என்ன செய்வது? கொடுக்காவிட்டால் ஆத்தா சும்மா விடுவாளா?

சனிக்கிழமை மத்தியானம், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, நேரே அம்மனிடமே சொல்லிவிடலாம் என்று கோயிலுக்குப் போனாள். உள்ளே ஏற்கனவே ஒரு குரல் கேட்டது.

"ஆத்தா, பக்கத்தூட்டுக்காரி கட்னாளேன்னு நானும் கட்டிட்டேன். பம்பு செட்டு நல்லாத்தான் ஓடுது, நான்தான் பொய் சொன்னேன். கொஞ்சம் கண்டுக்காத தாயி."

முனியன். அவளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அவன் திரும்பிப் பார்த்து வெலவெலத்துப் போனான்.

"நீ இன்னாமே பண்ற இங்க?"

"நீ பண்றதத்தாண்ணே நானும் பண்ண வந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை ஊரே கோழியும் கையுமாகக் கோயில் வாசலில் நின்றது. ஒருவரும் அடி எடுத்து வைக்கவில்லை. செங்கேணிதான் பெரிய சேவலைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"ஆத்தா பேரச் சொல்லிப் பொய் சொன்னது நான்தான். தீனி வாங்க வக்கில்லாமதான் கட்னேன். இந்த ஒண்ண நெசமா குடுக்கறேன். மீதிய எனக்கு வுட்டுடணும்."

கிருஷ்ணசாமி கோபப்படத்தான் பார்த்தார். ஆனால் அவர் சம்சாரம் பிடித்துக்கொண்டிருந்த கோழிகளின் காலும் மஞ்சளாகவே இருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஊட்டுக்கு ஒண்ணு. ஆத்தா அவ்ளோதான் கேக்கறா" என்றார்.

ஊர் மூச்சு விட்டது. குழம்பும் அன்றைக்கு அமோகமாக இருந்தது.

மறுநாள் காலை, மஞ்சள் இல்லாத கால்களோடு முனியன் வாசலுக்குப் போன கோழிகளை அவன் தடியெடுத்து விரட்டினான். எல்லாம் முற்றத்துக்குத் திரும்பி வந்து அவள் மூஞ்சியைப் பார்த்தன. சோளப் பானையில் கையை விட்டாள். அடியில் உமிதான் இருந்தது. கலைச்செல்வன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, "ஆடித் திருவிழாவும் முடிஞ்சிடுச்சி" என்றான். அவன் அதைக் குத்திக் காட்டுவதுபோல் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னான்.

"உன்னாண்ட கை நீட்ட மாட்டேன்யா" என்றாள்.

ஐந்து பெட்டைகளை அவளே பிடித்தாள். ஒவ்வொன்றும் நம்பிக் கைக்கு வந்தது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. கூடையில் போட்டு மூடி உத்திரமேரூர் பஸ் ஏறினாள். ஜப்பார் பாய் கோழிகளைத் தூக்கிப் பார்த்து, "நல்லா தேத்தி வெச்சிக்கீறியேம்மா!" என்று மெச்சினார். அந்த மெச்சலை வாங்கிக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. ஐந்தையும் அவரிடமே விற்று, அந்தக் காசுக்கு வாங்கின சோள மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றினாள்.

வீட்டுக்கு வந்து மூட்டையைப் பிரித்து இரண்டு கை அள்ளி வீசினாள். மிச்சமிருந்த ஆறும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தன. வழக்கம்போல் கொத்துவதைவிடச் சிதறடித்ததுதான் அதிகம். செங்கேணி அங்கேயே குந்தி, சிதறினதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவற்றின் முன்னால் போட்டாள்.

"சிந்தாம துன்னுங்கடி. இது உங்க அக்காமாருங்க அஞ்சு பேரு போட்ட சோறு."