இரண்டு வார்த்தை

மகளுக்கு இரண்டு வயது முடியப்போகிறது. இன்னும் வாய் திறக்கவில்லை.

"இந்த வயசுல ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசணும். கேக்கறதுக்கு முன்னாடியே எதையும் நீட்டாதீங்க. வாய் திறந்து சொன்னா, சொன்னதை உடனே செய்ங்க" என்றார் பேச்சுப் பயிற்சியாளர்.

அப்பாவோ, யார் சொன்ன பேச்சையும் தட்டாதவர். பிஸ்கட்டை உயரத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார். கை கடுத்தது, இறக்கவில்லை.

மகள் பிஸ்கட்டைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"நீயே தின்னு."

அவர் சமைக்கும் நாட்களில் தட்டைத் தள்ளிவிட்டு அவர் மனைவி சொல்வது அதுதான். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"என்ன சொன்னா?"

"ரெண்டு வார்த்தை. சேர்த்துத்தான் சொன்னா" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு பிஸ்கட்டைத் தின்றார்.