புறங்கைச் சூடு

நூர் முகமது பாய் பிரியாணிக்குத் தம் போட்டால் மூடியைத் திறந்து பார்க்கிற பழக்கமே கிடையாது. தேக்சா என்கிற அந்தப் பெரிய பாத்திரத்தின் பக்கவாட்டில் புறங்கையை ஒரு கணம் ஒத்திப் பார்ப்பார். "இன்னும் செத்த நேரம்" என்பார், இல்லாவிட்டால் "எறக்குங்கப்பா" என்பார். அவ்வளவுதான் அவர் வித்தை. திண்டுக்கல் பேகம்பூரில் பாதிக் கல்யாணம் அந்த வலது புறங்கையை நம்பித்தான் நடந்தது என்று சொன்னால் மற்ற மாஸ்டர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், அவர்கள் வீட்டு விசேஷத்துக்கும் பாய்தான் சமைத்தார்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கே சுட்டாலும் வாய் திறக்க மாட்டார். எண்ணெய் தெறித்தாலும் சரி, கங்கு காலில் விழுந்தாலும் சரி, "ஸ்" என்றுகூடச் சத்தம் வராது. அதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தார். கொதிக்கிற தேக்சாவை நாலு பேர் தூக்கிக்கொண்டு போகும்போது மாஸ்டர் "ஐயோ" என்று கத்தினால் ஒருத்தன் கை நடுங்கும். ஒருத்தன் கை நடுங்கினால் அம்புட்டுப் பேர் காலும் வெந்துபோகும். அதனால் சுட்ட உடனே பேச்சை மாற்றிவிடுவார். "உப்புப் பாத்தீங்களாப்பா?" என்று கேட்பார். கூட வேலை பார்த்தவர்கள் மாஸ்டருக்கு உப்பில் என்ன ஒரு கவனம் என்று நினைத்துக்கொண்டார்கள். மனைவி அஜீஸுன்னிசாவுக்கு மட்டும்தான் சங்கதி தெரியும். உப்பைப் பற்றிக் கேட்டுவிட்டு அந்தப் பக்கமாகத் திரும்பிக் கையைத் துண்டில் சுற்றிக்கொள்கிற மனுஷனை அவள் எத்தனை வருஷமாகப் பார்க்கிறாள்.

கழுத்தில் கட்டி வந்தபோதும் மனுஷன் அப்படித்தான் மூடி மறைத்தார். சட்டைக் காலர் இறுக்கிப்பிடிக்கிற அளவுக்கு வளர்ந்த பிறகுதான் அஜீஸுன்னிசா கையில் அகப்பட்டார். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்து, நிணநீர் முடிச்சில் வந்த புற்றுநோய் என்றார்கள். குணமாகக்கூடிய வகைதான், ஆனால் ஊசி மருந்தை ஒழுங்காக முடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பாய் கேட்டது ஒரே கேள்வி, மறுபடியும் அடுப்புக்கிட்ட நிற்கலாமா என்று. தாராளமாக நிற்கலாம் என்றார் டாக்டர். அதோடு பாய்க்கு நோயைப் பற்றிய கவலை தீர்ந்துபோனது. கவலைப்படுகிற வேலை முழுக்க அஜீஸுன்னிசா தலையில் விழுந்தது.

முதல் தடவை ஊசி போட்டவர் கௌசல்யா என்கிற நர்ஸ். கவுன், கையுறை, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு, சிவப்பு மருந்து நிறைந்த சிரிஞ்சோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஊசியைத் தொடுவதற்கு முன்னால் நிறுத்தி நிதானமாக ஒன்று சொன்னார்.

"பாய், இந்தச் செவப்பு மருந்து ரத்தக்குழாய்க்குள்ள போனாத்தான் மருந்து. வெளிய கசிஞ்சா சதையை அரிச்சுப்புடும். எரிச்சலோ வலியோ இருந்தா அந்த நிமிஷமே சொல்லணும். பொறுத்துக்கக் கூடாது."

பாய் தலையாட்டினார். பொறுத்துக்கொள்வது ஒன்றையே பிழைப்பாக வைத்திருந்த மனுஷனிடம் போய்ப் பொறுத்துக்கொள்ளாதே என்றால் அது மண்டையில் எங்கே ஏறும்? அந்த நேரம் பார்த்து அஜீஸுன்னிசாவை வாந்தி மாத்திரை வாங்கிவரச் சொல்லிக் கீழே அனுப்பியிருந்தார்கள். வலது புறங்கையில் நரம்பு எடுப்பாக இருந்தது. அதில்தான் ஊசி இறங்கியது.

அவள் மாத்திரையோடு திரும்பி வந்தபோது மருந்து பாதியில் நின்றிருந்தது. புறங்கை வீங்கிச் சிவந்து கிடந்தது. கௌசல்யா கசிந்த மருந்தைச் சிரிஞ்சால் முடிந்தமட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டு, ஐஸ் பையைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம், பயம் இரண்டும் இருந்தன.

"எரியுதா எரியுதான்னு கேட்டுக்கிட்டே இருந்தேம்மா. இல்லம்மா இல்லம்மான்னாரு. நான் கையைப் பாத்து நிறுத்துனா, உங்க கேண்டீன் சாம்பாருக்கு உப்புப் பாத்தாங்களான்னு என்கிட்டக் கேக்குறாரு."

உப்பு என்றதுமே அஜீஸுன்னிசாவுக்குச் சங்கதி புரிந்துபோனது. பஸ் ஏறி உட்கார்ந்ததும், எரிந்ததா இல்லையா என்று நேராகக் கேட்டாள். எரிந்தது என்னவோ உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். மருந்து என்றால் எரியத்தானே செய்யும், எரிந்தால் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தாராம்.  அவள் கொடைரோடு வரும்வரை ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள்.

மருந்து செய்யும் மற்ற கூத்தையெல்லாம் பாய் சுலபமாகத் தாங்கினார். மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. அது ரத்தமில்லை, மருந்தின் நிறம் என்று முன்னமே சொல்லியிருந்ததால் யாரும் பதறவில்லை. கக்கூஸில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தார்கள், ஊற்றினார். அவர் துணிகளை அஜீஸுன்னிசா கையுறை போட்டுத் தனியாகத் துவைத்தாள். வாய் புண்ணாகி, கறி வெஞ்சனம் எதைத் தின்றாலும் தகரத்தை நக்கியதுபோல் இருந்தது. தலைமுடி போனது. தாடி போன அன்று மட்டும் தொழுகைக்கு முகம் கழுவியவர் கண்ணாடி முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றார். காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் ராத்திரி பகல் பார்க்காமல் உடனே வர வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. அந்த வேலையை அவரிடம் விட்டுவைக்க அஜீஸுன்னிசா என்ன பைத்தியமா? தெர்மாமீட்டர் அவள் முந்தானையிலேயே இருந்தது.

கை மட்டும்தான் மோசம் செய்தது. சிவப்பு கொப்புளமாகி, கொப்புளம் கறுத்து, கறுத்த தோல் உரிந்து பெரிய புண்ணானது. கட்டுப் போடப் போட ஆறியது. ஆனால் ஆறின இடத்தில் உணர்ச்சி திரும்பவில்லை. இதை அவர் வாயால் சொல்லவில்லை. ஒரு நாள் சூடான டீ கிளாஸில் வலது புறங்கையை ஒட்டுவதும் எடுப்பதும் மறுபடி ஒட்டுவதுமாக அவர் தனியே உட்கார்ந்திருந்ததை அஜீஸுன்னிசா கதவோரத்தில் நின்று பார்த்தாள்.  இனி மிச்சம் இருப்பது இடது கை ஒன்றுதான்.

அடுத்த ஊசிக்கு நெஞ்சில் தோலுக்கடியில் சின்னதாக ஒரு போர்ட் வைத்துவிடலாம், பெரிய ரத்தக்குழாய் வழியாக மருந்து போகும், கையைத் தொடவே வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். பாய் மசியவில்லை. நெஞ்சில் பித்தானை வைத்துக்கொண்டு தேக்சா தூக்க முடியுமா என்று அதே அடுப்படிப் பாட்டைப் பாடினார். டாக்டரும் சொல்லிப் பார்த்தார், அஜீஸுன்னிசாவும் அழுது பார்த்தாள். கைப்புண் ஆறக் காத்திருந்ததில் ஏற்கெனவே நாள் தள்ளிவிட்டது, மேலும் தள்ளினால் கட்டி மறுபடி தலைதூக்கும். கடைசியில் இடது கை என்று முடிவானது. இந்தத் தடவை என்னை எங்கேயும் அனுப்பக் கூடாது என்று அவள் கௌசல்யாவிடம் முதலிலேயே சொல்லிவைத்து, கட்டிலை ஒட்டி ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள்.

கௌசல்யா புது நரம்பு பார்த்து ஊசி குத்தினார். முதலில் வெறும் உப்புத் தண்ணீர் விட்டுச் சோதித்தார். பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. சிவப்பு மருந்து மெல்ல இறங்க ஆரம்பித்தது. எரியுதா பாய் என்று கேட்டார். இல்லம்மா என்றார். கொஞ்சம் விட்டு மறுபடி கேட்டார். இல்லவே இல்லம்மா என்று சிரித்தார் பாய்.

பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"அஜீஸு, காலையில கஞ்சிக்கு உப்புப் பாத்தியா?"

காலையில் அவர்கள் கஞ்சியே குடிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் டீயும் பன்னும்தான் சாப்பிட்டார்கள்.

"சிஸ்டர், நிறுத்துங்க," என்றாள் அஜீஸுன்னிசா.

கௌசல்யாவின் கை நின்றது. வீக்கம் தெரியவில்லையே என்று குழம்பினார். இருந்தாலும் ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு பாயின் முகத்தைப் பார்த்தார். பாய் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார்.

"ரிஃபாத் அத்தா," என்றாள் அஜீஸுன்னிசா. மகள் பெயரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிடுவாள். "இங்க யாரும் தேக்சா தூக்கிக்கிட்டு நிக்கல. நீங்க கத்துனா யார் காலும் வேகாது. சொல்லிருங்க."

 கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்கு முன்னால் குரல் கொடுத்துப் பழகிய வாயிலிருந்து அந்தச் சொல் வர இம்புட்டு நேரமா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"எரியுதும்மா," என்றார். "ஊசி இருக்கிற எடத்துல. இப்பத்தான் ஆரம்பிச்சுச்சு."

மடமடவென்று காரியம் நடந்தது. கௌசல்யா உறிஞ்சி எடுத்து, ஊசியைக் கழற்றி, ஐஸ் பை வைத்து, கையை உயரத் தூக்கிவைத்து, டாக்டரைக் கூப்பிட்டார். கசிந்திருந்தால் துளிதான் இருக்கும், இருந்தாலும் சில நாள் போனால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அவர் போர்ட் பேச்சை எடுப்பதற்குள் பாயே முந்திக்கொண்டார். நெஞ்சிலேயே வைத்துவிடுங்கள் என்று சொன்னபோது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அதன் பிறகு அஜீஸுன்னிசாவுக்கு அந்தக் கையே வேலை. சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி ஐஸ் வைத்தாள். பக்கத்து வீட்டில் உப்பை வறுத்துச் சூடாக ஒத்தடம் கொடு, நீர் இறங்கிவிடும் என்று யோசனை சொன்னார்கள். சூடு இந்த மருந்துக்கு எதிரி என்று கௌசல்யா சொன்னதைச் சொல்லி, அவர்களை வாசலோடு அனுப்பினாள். தினமும் விடிந்ததும் கையை வெளிச்சத்துக்கு இழுத்துக் கொப்புளம் தேடினாள். லேசாகச் சிவந்த இடம் வெளிறியது. வலது கை புண்ணாக எத்தனை நாள் ஆனதோ அத்தனை நாளும் தாண்டியது. ஆனாலும் உள்ளே என்ன செத்திருக்கிறதோ என்ற பயம் போகவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டால் நல்லாத்தான் இருக்கு என்பார். அந்த வாய்ச் சொல்லை யார் நம்புவது?

போர்ட் வைத்துத் தையல் பிரித்த வாரம் மகள் ரிஃபாத் வேடசந்தூரிலிருந்து வந்திருந்தாள். அவளுக்காக அஜீஸுன்னிசா சின்னத் தேக்சாவில் சீரகச் சம்பா பிரியாணி போட்டாள். தம் ஏறிக்கொண்டிருந்தது. வாசனைக்கு ஓங்கரிக்கிற நாட்கள் கழிந்திருந்ததால் பாய் அடுப்படிக்கு வந்தார். பழக்கதோஷத்தில் வலது புறங்கையைத் தேக்சாவில் வைத்தார்.

வைத்தவர் எடுக்கவில்லை. அவள் பாய்ந்து கையைத் தட்டிவிட்டாள். தோல் சிவந்துவிட்டது, அவருக்குத் தெரியவே இல்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். 

பாய் இடது கையைத் திருப்பினார். மெதுவாகத் தேக்சாவில் ஒட்டினார்.

"ஸ்ஸ்... சுடுது!"

கையை உதறின உதறலில் கரண்டி கீழே விழுந்தது. என்னமோ ஏதோ என்று ரிஃபாத் ஓடிவந்து, என்னாச்சு அத்தா என்றாள். சுடுதும்மா, நல்லாவே சுடுது என்று அவர் மறுபடி மறுபடி சொன்னார். கண்ணில் தண்ணீர் நின்றது. மகளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அஜீஸுன்னிசா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கரண்டியை எடுத்துக் கழுவிவைத்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பி, இன்னும் செத்த நேரம் இருக்கட்டுமா, எறக்கவா என்று கேட்டாள்.

அவர் இடது புறங்கையை இன்னொரு முறை ஒத்திப் பார்த்தார்.

"எறக்கு," என்றார்.