வேலாயுதன் வீட்டுக் கரண்டு

புது வீட்டில் விறகடுப்பு கிடையாது என்று நான் பிடித்த பிடி ஊருக்கே தெரியும். கல்யாணமாகி வந்த நாள் முதல் ஊதி ஊதிக் கண் எரிந்தது எனக்கல்லவா? மாமனார் ஞானையன் மட்டும் விடவில்லை.

"பால்காய்ச்சு அன்னைக்குப் பாப்போம். உனக்க கேஸ் அடுப்புல பால் பொங்கல்லன்னா, மறுநாளே பின்னால புகையடுப்பு கட்டுவேன் ஆக்கும்" என்றார். நானும் வீறாப்பாகத் தலையாட்டிவிட்டேன்.

என் அடுப்பு லேசுப்பட்டதா? விரல் வைத்தால் எரியும் கண்ணாடி அடுப்பு. போதகர் ஜெபித்து ஆமென் சொன்னதும் பாலை வைத்து, விரலையும் வைத்தேன். பொசுக்கென்று கரண்டு போயிற்று! தீக்குச்சி உரசிக் காட்டினேன், ம்ஹும். கரண்டு இல்லாவிட்டால் அந்தச் சனியன் கேஸை வெளியே விடாதாம். இன்வெர்ட்டர் இன்னும் வாங்கவில்லை. வீடு நிறைய சொந்தக்காரர்கள் வேறு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நான் அப்பமே சொன்னேன்லா" என்று சிரித்தார் மாமனார். "மக்கா பொன்னுதாசு, நாளைக்கே கொத்தனுக்குச் சொல்லு."

என் வீட்டுக்காரர் பொன்னுதாஸ் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து திறந்து மூடினார். அப்பாவையும் பகைக்க முடியாது, என்னையும் முடியாது, பாவம். எதிர்வீட்டு வேலாயுதன் மனைவி சத்யபாமாதான் என் கையைப் பிடித்தாள்.

"எதுக்கு ஜெயபாய் இந்தக் கரைச்சில்? எங்க வீட்டுல கரண்டு உண்டு."

அட, ஆமாம்! எங்கள் வீடு கேரளம். ரோட்டைத் தாண்டினால் அவள் வீடு தமிழ்நாடு; கரண்டும் வேறு. பந்தல்காரரின் வயரை அவள் ஜன்னலிலிருந்து இழுத்தோம். வண்டி வரும்போதெல்லாம் பொன்னுதாஸ் மாங்காய் பறிக்கும் கம்பால் அதைத் தூக்கிப் பிடித்தார்.

"என்னத்துக்குலே இந்தக் கூத்து?" என்று கத்தினார் மாமனார்.

"தமிழ்நாட்டுக் கரண்டு மாமா!" என்றேன் வெடுக்கென்று.

அவர் முகமே மாறிவிட்டது. நெய்யாற்றின்கரையும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று, மாநிலம் பிரித்த காலத்து எல்லைப் போராட்டத்தில் சின்னப் பையனாகக் கொடி பிடித்துத் தொண்டை கிழியக் கத்தியவர் அவர். விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போயிற்று. நெய்யாற்றின்கரைக்காரர்களான நாங்கள் கேரளத்திலேயே நின்றுவிட்டோம்.

அடுப்பு எரிந்தது. பால் சூடேறும் முன்பே எங்கள் கரண்டும் வந்துவிட்டது. பொன்னுதாஸ் வயரைப் பிடுங்கப் போனார்.

"தொடாதலே!" என்று பாய்ந்தார் மாமனார். "பொங்கட்டும்."

பொங்கியது. கண்ணாடி முழுக்க வழிந்தது. புகையே இல்லாத அந்த அடுக்களையில் கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மக்கா, புகையடுப்பு ஒண்ணும் வேண்டாம்" என்றார். "நல்ல நீளமா ஒரு வயரு வாங்கிப் போடு, கேட்டியா?"