வந்த வரிசைக்குத் தலைகீழ்

எண்பத்தொரு வயதில் விடியற்காலை ஐந்து மணி ரயிலைப் பிடித்தேன். கிருஷ்ணநகரிலிருந்து ராணாகாட் வரை நின்றேன். அங்கே ஒரு மீன்காரர் இறங்கினார். மிச்சத் தூரத்தை அவர் விட்டுப்போன வாசனையின் மேல் உட்கார்ந்து கடந்தேன். சியால்தாவில் இறங்கி, சால்ட் லேக்கில் அந்த அரங்கத்தைத் தேடிப் பிடித்து, ஹோமியோபதி ஆராய்ச்சிக்கான சர்வதேச மாநாட்டின் வாசலில் நின்றபோது மணி ஒன்பது. அப்போதே எனக்கு வீட்டுக்குப் போனால் தேவலை என்றிருந்தது.

ஆனால் பையில் ஒரு கட்டுரை இருந்தது. மேடையில் வாசிக்காத கட்டுரை மாநாட்டுப் புத்தகத்தில் ஏறாது, அது விதி. அடுத்த மாநாடு நான்கு வருடம் கழித்து. என் முழங்காலோடு கலந்தாலோசித்தேன். அது எந்த உறுதியும் தரவில்லை.

ஐம்பத்திரண்டு வருட வைத்தியத்தில் எனக்குக் குணமானவர்கள் நிறைய. அவர்களைப் பற்றி எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள். நான் குணமாகாதவர்களை மட்டும் எழுதி வைத்திருந்தேன். ஆயிரத்து நூற்றுப் பதினாறு பேர். பெயரின் முதலெழுத்து, ஊர், வியாதி, நான் கொடுத்துப் பார்த்துத் தோற்ற மருந்துகள்.

வரவேற்பு மேசையில் மாநாட்டுச் செயலாளர் பிரபாத்கிரண் ஹஜ்ரா உட்கார்ந்திருந்தார். என்னைவிட இருபது வயது சின்னவர், கண்கள் மட்டும் என்னைவிட மூத்தவை. நிகழ்ச்சி நிரலை நீட்டினார். பதினொன்று நாற்பதில் நான் இருக்க வேண்டும். அந்த இடத்தில் 'தேநீர்' என்று அச்சாகியிருந்தது.

"அச்சுப்பிழை, ஹரிசாதன்-தா," என்றார். 'தா' என்றால் அண்ணா.

"பிழைன்னா எழுத்து மாறும், ஹஜ்ரா. இங்க ஆளே டீயா மாறிட்டானே."

"அது வந்து... குணமாகாததைப் பத்தி வெளிநாட்டுக்காரங்க முன்னாடி எதுக்குன்னு குழுவுல சிலர் நினைச்சாங்க. நான் நினைக்கல. ஆனா நானும் குழுவுல இருந்தேன்."

என் பழைய நண்பன் ஷிபேன் லாஹிரி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "ஹஜ்ரா, உன் கண்ணு என்னப்பா பழுத்த தக்காளியா? தூங்கலையா?"

"பதினோரு வருஷமா சரியாத் தூங்கல."

"உன் மருந்த நீயே சாப்பிட வேண்டியதுதானே?"

"சாப்பிடாம? சாப்பிட்டப்புறம்தான் கொஞ்சநஞ்சத் தூக்கமும் போச்சு. மருந்து பிடிச்சிருக்குன்னு அர்த்தம்."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. எங்கள் வைத்தியத்தில், நோய் ஏறினால் மருந்து சரியான இடத்தைத் தொட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்வோம். வேறு துறைகளில் இதற்கு வேறு பெயர் இருக்கலாம்.

ஒன்பது நாற்பதுக்கு ஹஜ்ரா மேடையேறி, "மதிப்பிற்குரிய" என்றார். ஒலிபெருக்கி எருமை மாதிரி ஒரு தரம் கத்திவிட்டு ஓய்ந்தது. கையைக் குவித்து அவர் எங்களைப் பார்த்துக் கூவினார்: "நோய் ஏறுது! மாநாடு நல்லா நடக்கப்போகுதுன்னு அடையாளம்!" நானூறு மருத்துவர்கள் கைதட்டினோம்.

பத்து மணிக்கு ஜெர்மனியிலிருந்து வந்திருந்த டாக்டர் ஓர்ட்ரூன் வீஸ்னர் என்ற அம்மாள் எழுந்து, தன் பெட்டி விமான நிலையத்தில் வரவில்லை, சிறப்புரை அதற்குள்தான் இருக்கிறது என்றார். அதற்கும் தட்டினோம். பதினொரு மணிக்கு ஏசி கடுங்குளிரில் சிக்கிக்கொண்டது; எந்தப் பொத்தானுக்கும் அடங்கவில்லை. எல்லோரும் குரங்குக் குல்லாய்களை எடுத்து மாட்டிக்கொண்டோம். பக்கத்து இருக்கைக்காரர் விட்ட கொட்டாவி வெள்ளையாக எழுந்து, முன்வரிசைக்காரர் குல்லாயின் மேல் உட்கார்ந்தது. தேநீர் வரை அது அங்கிருந்து நகரவில்லை. தேநீர் என்றால், என் கட்டுரை. சூடாகத்தான் இருந்தது.

ஒரு மணிக்குச் சமையல் வண்டி ஏதோ ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டது என்று செய்தி வந்தது. இந்தத் தடவை யாருக்கும் கைதட்டத் தெம்பில்லை. ஹஜ்ரா என் அருகில் வந்து தொப்பென்று உட்கார்ந்தார்.

"எப்ப இறங்கும், ஹரிசாதன்-தா?"

"முதல் வருஷத்துல என்ன படிச்ச? நோய் போகும்போது வந்த வரிசைக்குத் தலைகீழாப் போகும். கடைசியா வந்தது முதல்ல போகும். சோறுதானே கடைசியா வந்த வியாதி? அது முதல்ல தீரும்."

இரண்டு நாற்பதுக்குச் சோறு வந்தது. லூச்சி என்கிற மைதா பூரி, ஆட்டுக்கறி, பொரித்த மீன். நோயாளிகளிடம் பச்சை வெங்காயத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதே என்று சொல்லும் நானூறு பேரும் வெங்காயத் தட்டைத்தான் முதலில் காலி செய்தோம். கை கழுவும்போது ஏசி தானாகத் தணிந்தது. ஹஜ்ரா என்னைத் திரும்பிப் பார்த்தார். நாலு மணிக்கு வீஸ்னரின் பெட்டி ஒரே ஒரு சக்கரத்தோடு வந்து சேர்ந்தது. நாலே முக்காலுக்கு ஒலிபெருக்கிக்கு உயிர் வந்தது. அந்த அம்மாள் நாற்பது நிமிடம் பேசினார். நல்ல பேச்சு. நான் பாதியும் லாஹிரி மீதியும் தூங்கினோம்.

ஐந்தரைக்கு ஹஜ்ரா நன்றியுரைத் தாளைப் பிரித்தார். வெளியே பேருந்துகள் காத்திருந்தன. கங்கையில் படகு, படகில் விருந்து. அரங்கில் முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுந்தேன். எழ நேரமானது. "ஹஜ்ரா, இன்னிக்கு வந்த முதல் வியாதி இன்னும் தீரலையே."

"எது?"

"என் பேரு விட்டுப்போனது. ஒன்பது மணிக்கு. மைக்குக்கும் முன்னாடி."

"ஹரிசாதன்-தா, ஆறு மணிக்கு அரங்கத்தைக் காலி பண்ணணும். புத்தகத்துல பின்னாடி பார்க்கலாம்."

"மேடையில படிக்காதது புத்தகத்துல ஏறாதுன்னு நீயே கையெழுத்துப் போட்ட கடுதாசி என் பையில இருக்கு."

"படகு போயிடும்!"

"சரி. பாதியில நிறுத்தின குணம் என்ன பண்ணும்னு உனக்கே தெரியும்." உட்கார்ந்துவிட்டேன்.

ஹஜ்ரா தாளைப் பார்த்து, "நன்றி" என்றார். ஒலிபெருக்கி கத்திவிட்டு ஓய்ந்தது.

இங்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒலிபெருக்கியின் ஒயர் என் காலடியில் ஓடியது. அதன் இணைப்பின் மேல் என் கைத்தடி இருந்தது. கைத்தடியின் மேல் களைத்துப்போன ஒரு கிழவனின் முழுப் பாரமும் இருந்தது. ஆனால் அடுத்த நிமிடம் ஏசி மறுபடி உறையத் தொடங்கியதே, அதற்கும் என் கைத்தடிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வீஸ்னரின் பெட்டியில் மிச்சமிருந்த ஒற்றைச் சக்கரம் கழன்று, நடைபாதை வழியாக உருண்டு வாசலுக்குப் போனதற்கும் நான் பொறுப்பல்ல.

"திரும்புது!" என்றான் லாஹிரி, தூக்கத்திலிருந்து விழித்து. "ஹஜ்ரா, எல்லாம் திரும்புதுப்பா! அடுத்து சோத்த வேற வயித்திலிருந்து திரும்பக் கூப்பிடும்!"

ஹஜ்ரா உள்ளபடியே நம்பிக்கையுள்ள மனிதர். முகம் வெளுத்துவிட்டது. "மேல வாங்க," என்றார். "சீக்கிரம் வாங்க. நாலு நிமிஷம்."

கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ஒலிபெருக்கி பிழைத்தது. மேடைக்கு ஆறு படி. நாலு நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் அதிலேயே போயிற்று. மேலிருந்து பார்த்தபோது கூட்டம் கரைந்துபோயிருந்தது. பந்தல்காரர்கள் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மடக்க முடியாத நாற்காலிகளில் வீஸ்னர், லாஹிரி, இன்னும் ஏழெட்டுப் பேர்.

ஆயிரத்து நூற்றுப் பதினாறு பேரை எப்படி வாசிப்பது? முதல் ஆளை மட்டும் வாசித்தேன்.

"நி., கிருஷ்ணநகர், பள்ளி ஆசிரியர். வலது பாதத்தில் அரிப்பு, சூரியன் மறைந்ததும் அதிகமாகும். ஒன்பது வருடம், முப்பத்தொரு மருந்து. அரிப்பு ஒருநாளும் குறையவில்லை. அவர் வேறு மருத்துவரிடம் போகவும் இல்லை. போங்கள் என்று நானே இரண்டு தடவை சொன்னேன். கடைசியாகப் பார்த்தது அவர் இறப்பதற்கு முந்தின வியாழன். அவர் இறந்தது இதயத்தால், பாதத்தால் அல்ல. 'அடுத்த வாரம் வேற மருந்து பார்ப்போம், டாக்டர் பாபு. நீங்களும் ஒரு தடவை ஜெயிக்கணும்ல?' என்றார் அன்று."

அதற்கு மேல் தாளில் இருந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. வெளிச்சம் போதவில்லை என்று நினைக்கிறேன்.

பந்தல்காரர்களில் நரைத்த மீசைக்காரர் ஒருவர், மடக்கிய நாற்காலியைத் திரும்ப விரித்து அதில் உட்கார்ந்தார். வீஸ்னர் கையை உயர்த்தினார்.

"டாக்டர், முப்பத்திரண்டாவதா எதைக் கொடுக்கிறதா இருந்தீங்க?"

"தெரியலம்மா. அன்னிக்கும் தெரியல. அதான் அவர் பேரை எழுதி வச்சேன்."

அந்த அம்மாள் அதை அப்படியே தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். லாஹிரி மட்டும் கையைத் தட்டினான். தட்டியதில் அவன் குல்லாய் விழுந்தது. ஹஜ்ரா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து நிகழ்ச்சி நிரலில் 'தேநீர்' என்பதை அடித்து, மேலே என் பெயரை எழுதினார். பேருந்துகள் போய்விட்டிருந்தன. படகும் போய்விட்டது. நானும் லாஹிரியும் மூச்சு வாங்க மூச்சு வாங்க ரயிலடிக்குப் போனோம். வழியில் முழங்கால் இரண்டு தடவை நின்று பேசியது.

பதினோரு மாதம் கழித்துப் புத்தகம் தபாலில் வந்தது. செங்கல் கனம். என் கட்டுரை கடைசிக் கட்டுரை, பொடி எழுத்து. பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். மூன்று நாள் ஆனது. முதல் வரியில் 'நி.' என்று நிகுஞ்ச மாஸ்டர் இருந்தார். ஒருவரும் விட்டுப்போகவில்லை.

ஒருவர் கூடுதலாக இருந்தார். ஆயிரத்து நூற்றுப் பதினேழாவது வரி: 'பி. ஹ., பாலிகஞ்ச், மருத்துவர். பதினோரு வருடமாகத் தூக்கமின்மை.'

அவருக்கு நான் ஒருநாளும் மருந்து கொடுத்ததில்லை.