ஊதாமல் காய வேண்டிய மூடி

1

இந்தக் கதை நான் வாங்கிய ஒரு திட்டில் பிறந்தது. என் அண்ணி குழந்தைகள் வார்டில் நர்ஸ். முதல் வரைவை அவரிடம் பெருமையாக நீட்டினேன். அதில் ஓர் அம்மா, மகளின் நெஞ்சிலிருந்து தொங்கும் மருந்துக் குழாயின் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஈரம் காய 'ஃபூ' என்று பாசத்தோடு ஊதுவாள். நான் எழுதியதிலேயே அழகான வாக்கியம் அது.

"குழந்தையக் கொல்லப் பாத்தியேடா!" என்றார் அண்ணி. "அந்தக் குழாய் நேரா இதயத்துக்குப் பக்கத்துல போய் நிக்குது. வாய்ல இருக்கிற கிருமி மூடியில உக்காந்து, மருந்தோட உள்ள போயிடும். தானாதான் காயணும். ஊதக் கூடாது, விசிறவும் கூடாது."

2

ஆகவே மறுபடியும் தொடங்குகிறேன்.

தாய்மையின் மூச்சுக்காற்று என்பது— (வேண்டாம். அண்ணி இதையும் படிப்பார்.)

அன்று அடைமழை— (வார்டுக்குள் ஏது மழை?)

நேராகவே சொல்லிவிடுகிறேன். மகளுக்கு ஐந்து வயது. வார்டில் அவள் பெயர் பட்டாணி. மாதக்கணக்கில் மருந்து ஏற வேண்டும். தினமும் கையில் குத்த முடியாது என்பதால் இந்தக் குழாய். அவள் அதை நூடுல்ஸ் என்பாள். போன தடவை வீட்டுக்குப் போனவள் நடுக்கும் காய்ச்சலோடு திரும்பி வந்தாள். யாரும் அம்மாவைக் குறை சொல்லவில்லை. ஆனால் சிஸ்டர், "ஊதாதீங்கம்மா" என்று சொல்லிக்கொடுத்தபோது அம்மாவுக்குச் சுருக்கென்றது. வீட்டில் ஒவ்வொரு தடவையும் ஊதியிருக்கிறாள். அதை யாரிடமும் சொல்லாமல் தூக்கத்தைத் தொலைத்தாள்.

இன்று சிஸ்டர் முன்னால் அவளே மூடியைத் துடைத்து, உப்புநீர் ஏற்றிக் காட்ட வேண்டும். சரியாகச் செய்தால் வீட்டுக்குப் போகலாம்.

3

சிஸ்டரிடம் ஒரு வழக்கம். மூடியைத் தேய்க்கும்போது குழந்தை தன் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். எல்லாரும் வந்து சேரும்வரை தேய்க்க வேண்டும். காய்வதற்கு, அதே ஆட்கள் கடைசியிலிருந்து முதலுக்கு. (அண்ணி: "கடிகாரமும் பாக்கணும்னு எழுது." எழுதிவிட்டேன்.)

"அம்மா, அப்பா, பெரியப்பா, பெரியம்மா, சித்தி, மாமா..."

"அத்தை எங்க?" என்றார் சிஸ்டர்.

"அத்தையோட டூ விட்டாச்சு. என் பலூன உடைச்சிட்டாங்க."

"டூ விட்டாலும் சொல்லணும். அத்தைய விட்டா அழுக்கு போகாது."

"சரி, அத்தை," என்றாள் பட்டாணி, கசப்பு மருந்தை முழுங்குகிற முகத்தோடு.

4

அம்மா தேய்த்து முடித்துவிட்டாள். மூடியில் ஈரம் மினுக்கியது. பட்டாணி அத்தையிலிருந்து பின்னோக்கிக் கிளம்பினாள். அம்மாவின் உதடுகள் தாமாகக் குவிந்தன. சிராய்த்த முழங்கால், சூடான பால், கண்ணில் விழுந்த தூசி என்று எல்லாவற்றையும் ஊதியே பிள்ளை வளர்த்த வாய் அது. பாவம், அதற்கு வேறென்ன தெரியும்?

(மாஸ்க் போட்டுவிடலாமா என்று அண்ணியைக் கேட்டேன். "வீட்ல மறந்துடுவாங்க. வாயத்தான் பழக்கணும்" என்றார்.)

முடிவு ஒன்று: ஊதிவிடுகிறாள். "முதல்லேர்ந்து!" என்கிறார் சிஸ்டர். அத்தையும் மறுபடி வர வேண்டும். வீட்டுக்குப் போவது தள்ளிப்போகிறது.

முடிவு இரண்டு: பட்டாணி கத்துகிறாள். "அம்மா, நூடுல்ஸ் சூடா இல்ல, ஊதாத!" வார்டே சிரிக்கிறது.

இரண்டாவது எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் வீட்டில், பட்டாணி அசந்து தூங்கும்போது மருந்து போட வேண்டி வந்தால் யார் கத்துவார்கள்? அம்மா தானாக நிறுத்தியாக வேண்டும். அதை அவளுக்காக நான் எழுதிக்கொடுக்க முடியாது.

5

அதனால் அவளைக் குவிந்த உதடுகளோடு அப்படியே விட்டுவிடுகிறேன். பட்டாணி மாமாவரை வந்துவிட்டாள். சிஸ்டர் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூடி இன்னும் காயவில்லை.

காயும்வரை நீங்களும் உங்கள் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருங்கள். பேச்சுவார்த்தை இல்லாதவர்களையும் விட்டுவிடாதீர்கள். முடிவு தெரிய வேண்டும் என்ற அவசரத்தில், தயவுசெய்து, நீங்களும் ஊதிவிடாதீர்கள்.