சோப்புப் போட்ட குமிஸ் பை

கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது எளிது என்று எங்களுக்குச் செவிலியர் கல்லூரியில் கற்பித்தவர்கள், குதிரை மேய்ப்பவர்கள் கூடாரமிட்டு வாழும் சோங்கோல் மலை மேய்ச்சல்வெளியில் ஒரு கோடையைக்கூடக் கழித்தவர்கள் அல்லர் என்பதை மிகுந்த மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அந்த ஜூலையில் பக்கத்துப் பள்ளத்தாக்கில் தட்டம்மை பரவியிருந்தது. எங்கள் வெளியில் தடுப்பூசி போடாத பிள்ளைகள் பதினொரு பேர். மருந்து வண்டி வியாழக்கிழமை நண்பகலில் வந்து ஒரு மணி நேரம் நிற்கும். மறுபடி வர மூன்று வாரம் ஆகும். தட்டம்மை அவ்வளவு நாள் பொறுக்காது. ஆகவே புதன் காலையில் அப்பதினொரு பேரையும் புல்லில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன்.

பாக்டீரியா தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ளும் என்றேன். வைரஸ் அப்படியன்று, அடுத்தவர் கூடாரத்துக்குள் புகுந்து, அவர்கள் அடுப்பையும் சட்டியையும் பிடுங்கிக்கொண்டு தன் கூட்டத்தைப் பெருக்கும் என்றேன். சோப்பு இரண்டையும் விரட்டும் என்றும் சொன்னேன்.

“பாக்டீரியா எங்க எஜே நெறைய இருக்கும்?” என்று எல்தியார் கேட்டான். எஜே என்றால் அக்கா. ஆசிரியரையும் செவிலியையும் பிள்ளைகள் அப்படித்தான் அழைப்பார்கள்.

“உங்க வீட்டுக் குமிஸ்ல கோடிக்கணக்கா இருக்கு” என்று, அவர்கள் அன்றாடம் குடிக்கும் புளித்த குதிரைப்பாலைச் சொன்னேன். அத்துடன் பாடத்தை முடித்துக்கொண்டது என் பிழை. தயங்காமல் ஒப்புக்கொள்கிறேன்.

பிற்பகலில் எல்தியாரின் தாய் கன்ஷாயிம் என் கூடாரத்துக்கு வெளியே நின்றார்.

“டாக்டரம்மா! வெளிய வா. என் புள்ளைங்க பண்ணி வச்சிருக்கிற கூத்த வந்து பாரு!”

நான் டாக்டர் அல்லேன். இருபத்தாறு வயதுச் செவிலி. அதை அவருக்கு அப்போது நினைவூட்டுவது முறையாகப் படவில்லை.

குமிஸ் புளிக்கவைக்கும் குதிரைத்தோல் பை உள்புறம் வெளியே தெரியும்படி கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து நுரை சொட்டியது. ஸ்ட்ராபெரி வாசனை அடித்தது. எங்கள் பக்கத்தில் குமிஸ் பைக்குப் புகை காட்டுவார்கள், சோப்புக் காட்டமாட்டார்கள். அடியில் மிஞ்சும் பழைய குமிஸ்தான் மறுநாள் குதிரைப்பாலுக்கு உறை. மே மாதத்திலிருந்து ஒரு நாளும் அறுபடாமல் வந்த உறை அது. இப்போது புல்லில் கிடந்தது.

“ஒரு பாக்டீரியாகூட மிச்சமில்ல எஜே” என்றான் எல்தியார். “மூணு தடவ தேச்சோம்!”

“நான் தலைய உள்ள விட்டே தேச்சேன்” என்றாள் அவன் தங்கை பெகிமாய்.

“சனிக்கெழம சம்பந்தி வீட்டுக்காரங்க வராங்க. அவங்க கிண்ணத்துல என்னத்த ஊத்துவேன், சோப்புத் தண்ணியையா?” என்றார் கன்ஷாயிம். “நாளைக்கு என் புள்ளைங்களுக்கு ஊசி கெடையாது. வெறும் பேச்சுலயே என் பையக் கொன்னுட்ட. உன் கையில ஊசியையும் குடுத்தா?”

கன்ஷாயிம் வராவிட்டால் எங்கள் வெளியில் வேறு ஒரு தாயும் வரமாட்டாள். ஆகவே நான் மேட்டுக்கு அப்பால் இருந்த கூடாரம்வரை நடந்து, பணிவாகக் கேட்டு, அரை வாளி பழைய குமிஸ் வாங்கிவந்தேன். கன்ஷாயிம் பையைப் பத்து முறை அலசிப் புகை காட்டி, உறையையும் புதுப் பாலையும் ஊற்றி, கட்டையால் கடையத் தொடங்கினார். நான் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன்.

“பாக்டீரியாவுல நல்லதும் உண்டு. அதுங்கதான் பாலப் புளிக்க வைக்குது.”

“இத காலைலயே சொல்லியிருக்கலாம்ல?” என்றான் எல்தியார்.

“சொல்லியிருக்கலாம்.”

“தட்டம்ம வைரஸ் நல்லதா?”

“கெட்டது. ரொம்பக் கெட்டது. அதுக்குத்தான் ஊசி.”

“ஊசிக்குள்ள என்ன இருக்கு?”

பொய் சொல்ல எனக்குக் கற்பிக்கப்படவில்லை. “தட்டம்ம வைரஸ்தான். ஆனா அதோட பலத்தை எல்லாம்…”

மீதியைக் கேட்க அங்கே ஒருவரும் இல்லை. “எஜே நமக்குள்ள வைரஸ விடப் போறாங்க!” என்று கத்திக்கொண்டு பெகிமாய் கூடாரம் கூடாரமாக ஓடினாள். மற்றவர்கள் அவள் பின்னால் ஓடினார்கள். நான் கவிழ்த்துவைத்த வாளியின் மேல் உட்கார்ந்தேன். நான்காண்டுப் படிப்பையும் அதில் பெற்ற மதிப்பெண்களையும் நினைத்துக்கொண்டேன்.

கன்ஷாயிம் கடைவதை நிறுத்தினார். என்னைப் பார்த்து நீண்ட பெருமூச்சு விட்டார்.

“ஏய் கழுதைங்களா! எல்லாம் இங்க வாங்க!”

வந்தார்கள். என் அழைப்புக்கு அவர்கள் ஒரு நாளும் அவ்வளவு விரைந்து வந்ததில்லை.

“நாய்க்குட்டிக்கு உங்கப்பா என்னத்தக் காட்டினாரு?”

“ஓநாய்த் தோலு.”

“அது குட்டியக் கடிச்சுதா?”

“தோலு எப்பிடிம்மா கடிக்கும்?”

“அப்புறம் நெஜ ஓநாய் வந்தப்ப?”

“மோப்பம் புடிச்சு வெரட்டிக்கிட்டே போச்சு!”

“அதான் ஊசி. உங்க ஒடம்புக்குத் தோலக் காட்டுறா. போய் வெளையாடுங்க.”

“துல்லியமாச் சொல்லணும்னா அக்கா,” என்று நான் குறுக்கிட்டேன், “அது தோல் மாதிரி செத்தது இல்ல. உயிரோட இருக்கும், ஆனா பல்லப் புடுங்கின…”

“வாய மூடுறியா?” என்றார் கன்ஷாயிம். “நாளைக்குப் பதினொண்ணையும் நானே கூட்டியாறேன். ஊசியப் போடு. பாடம் நடத்தாத.”

சொன்னபடியே அழைத்துவந்தார். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. இரண்டு பேர்தான் அழுதார்கள். வண்டி கிளம்பும் நேரத்தில் எல்தியார், ஊசி போட்ட தோளைப் பிடித்துக்கொண்டே என்னிடம் வந்தான்.

“எஜே, வைரஸுக்கு உசுரு இருக்கா, இல்லையா?”

அந்தக் கேள்வியைக் குறித்து அறிஞர்கள் இன்னமும் வாதிடுகிறார்கள். இரு தரப்பையும் வரிசையாக எடுத்துரைக்க என்னால் இயலும். வாயையும் திறந்துவிட்டேன். அவனுக்குப் பின்னால் நின்ற கன்ஷாயிம் என்னைப் பார்த்து வேண்டாம் என்று மெதுவாகத் தலையை ஆட்டினார்.

“தெரியலப்பா” என்றேன்.

அவன் திருப்தியோடு போய்விட்டான்.