இடது பின்கதவு

காரின் இடது பின்கதவைத் தானே கழற்றப் போவதாக பிலோமினா சொன்னதிலிருந்து அவள் தம்பி ஜான் மூன்று முறை போன் செய்துவிட்டான். முதல் முறை, "பொன்னேரி மெக்கானிக்காண்ட நானே இட்டுனு போறேங்க்கா" என்றான். அடுத்த முறை, "மழை வரப்போவுது, இன்னைக்கு வோணாம்" என்றான். மூன்றாம் முறை மூச்சு மட்டும் கேட்டது. பிறகு வைத்துவிட்டான்.

எதற்கும் பதறாதவன் அவன். என்ன வந்தது இவனுக்கு என்று நினைத்துக்கொண்டே பிலோமினா ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அந்தக் காரே அவன் கொடுத்ததுதான். ஆரம்பாக்கத்தில் ஒரு ரைஸ்மில் முதலாளி வீட்டில் டிரைவராக இருந்தவன், இரண்டு வருஷத்துக்கு முன்னால் திடீரென்று வேலையை விட்டுவிட்டு இந்தக் காரோடு பழவேற்காட்டுக்கு வந்து நின்றான். முதலாளி வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போய்விட்டார், வண்டியைச் சும்மாவே தந்துவிட்டார் என்றான். பேப்பரை எல்லாம் அவனே அலைந்து மாற்றிக் கொடுத்தான். அதுவரை நண்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தொங்கிய பிலோமினா ஓட்டக் கற்றுக்கொண்டாள். குப்பத்துப் பெண்கள் நாலு பேரையும் அவர்கள் கூடைகளையும் ஏற்றி, தினமும் காலையில் அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுவாள்.

வந்த நாளிலிருந்து இடது பின்கண்ணாடி மட்டும் இறங்கவில்லை. சுவிட்சை அழுத்தினால் சத்தம்கூட வராது. நண்டு வாடைக்கும் வியர்வைக்கும் நடுவில் அந்தப் பக்கம் உட்காருகிறவள் தினமும் திட்டினாள். பழைய சாமான் கடையில் அதே மாடலுக்கு மோட்டாரும் கம்பியும் சேர்ந்த கண்ணாடி மிஷின் கிடைத்ததும், மெக்கானிக்கிடம் போய் இரண்டு நாள் வண்டியை நிறுத்திப்போட வேண்டாமே என்று தானே இறங்கிவிட்டாள். படகு இன்ஜினைப் பிரித்து மாட்டுகிற கைதான். அவள் புருஷன் சாலமன் கடலுக்குப் போயிருந்தான். புயல் எச்சரிக்கை வந்ததால் மதியத்துக்குள் திரும்பிவிடுவான்.

வீட்டுக்குப் பின்னால் டச்சுக்காரர் கல்லறை மதிலை ஒட்டித்தான் சமதரை. அங்கேதான் வண்டி நின்றது. காற்று சுத்தமாக விழுந்துவிட்டிருந்தது. எதிரே பழவேற்காட்டு ஏரி ஈயத் தகடு மாதிரி அசையாமல் கிடந்தது. காலையில் சேற்றில் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகளில் ஒன்றைக்கூடக் காணோம்.

கைப்பிடிக் குழிக்குள் இருந்த இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினாள். உள்பக்கத்து அட்டையின் கீழ் விளிம்பில் விரலை விட்டு இழுத்தாள். கிளிப்புகள் ஒவ்வொன்றாகப் படக் படக்கென்று விட்டன. சுவிட்ச் ஒயரைப் பிடுங்கி அட்டையைத் தனியே எடுத்து மதிலில் சாய்த்துவைத்தாள். கதவின் இரும்புக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். முக்கால் உயரத்துக்கு அது செம்மண் நிறத்தில் இருந்தது. அந்த நிறம் ஒரே மட்டத்தில், கோடு கிழித்த மாதிரி நின்றிருந்தது.

பிலோமினா கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். வெள்ளம் வந்து வடிந்த பிறகு குப்பத்துச் சுவர்களில் அப்படி ஒரு கோடு இருக்கும்.

கண்ணாடி கீழே விழாமல் இருக்க அதை ஃபிரேமோடு சேர்த்து டேப் ஒட்டிவிட்டு, தாளை உரித்து, கதவின் ஓட்டைக்குள் டார்ச்சை அடித்தாள். மோட்டார் முழுக்கத் துரு. கம்பிக் கயிறு அறுந்து முள்ளு முள்ளாக நின்றது. அடியில் காய்ந்த வண்டல். அதை வாரிப் போடலாம் என்று கையை விட்டவள் சுரீரென்று இழுத்துக்கொண்டாள். விரல் நுனியில் ரத்தம்.

துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி விட்டு அள்ளினாள். வண்டலோடு பச்சையும் சிவப்புமாக உடைந்த வளையல் துண்டுகள் வந்தன. எல்லாம் கண்ணாடி வளையல். பொன்நிறப் புள்ளி வைத்தவை. இரண்டாம் பிடியிலும் வந்தன, மூன்றாம் பிடியிலும் வந்தன. ஒரு பெண் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் அளவு இல்லை இது. இரண்டு கையும் முழங்கை வரை நிறைய, ஒரே ஒரு நாள்தான் அப்படிப் போடுவார்கள்.

டார்ச்சைத் தூக்கி மேலே அடித்தாள். கண்ணாடி இறங்குகிற இடுக்கில் உள்பக்கத்து ரப்பர் பிய்ந்து பிய்ந்து இருந்தது. எலி கடித்த மாதிரி இல்லை. நகத்தால் பிராண்டிய மாதிரி இருந்தது.

பின்னால் ஸ்கூட்டர் வந்து நின்றது.

ஜான் இறங்கவில்லை. தரையில் துணிமேல் கிடந்த வளையல் துண்டுகளைத்தான் பார்த்தான்.

"யாருதுடா இது?" என்றாள் பிலோமினா.

இந்த இரண்டு வருஷத்தில் இவன் ஒரு நாள்கூட இந்தக் காரில் ஏறியதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மாதா கோயில் திருவிழாவுக்குக் குடும்பமே காரில் போனபோதுகூட, கொட்டுகிற மழையில் ஸ்கூட்டரில்தான் பின்னால் வந்தான்.

"ஜான். கேக்கறேன்ல? யாரு இருந்தா இதுல?"

"சுகந்தி" என்றான். "முதலாளியோட மருமவ. வளைகாப்பு முடிச்சி எளாவூர்ல அம்மா வூட்டுக்கு இட்டுனு போனேன்."

ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே சொன்னான். சொந்தக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி குலுங்காமல் வரட்டும் என்று அவளைக் காரில் அனுப்பினார்கள். பக்கத்து சீட்டில் கூரை முட்டச் சீர்த் தட்டும் பாத்திரமும் அடுக்கியிருந்தது. செக்போஸ்ட் பக்கம் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றதால் ஜான் ஊர்ப் பாதையில் திருப்பினான். நல்ல மழை.

"அது கண்ணாடிய எறக்கிட்டு கைய நீட்டி மழையப் புடிச்சிக்கினே வந்துச்சிக்கா. சளி புடிச்சா முதலாளி என்னைத்தான் திட்டுவாருன்னு நான் கண்ணாடிய ஏத்தி பின்னாடிருந்து எறக்க முடியாதபடி என் கதவுல இருக்கற லாக் பட்டனப் போட்டுட்டேன். ஜான் அண்ணா நீ ரொம்ப மோசம்னு சிரிச்சிது."

தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் முழங்கால் அளவுதான் தெரிந்தது. பாதி தாண்டும்போது பின்சக்கரம் விலகியது. கார் பக்கவாட்டில் சரிந்து ஓடையில் இறங்கியது.

"என் பக்கத்துக் கண்ணாடி எறங்கிச்சி. வெளிய வந்துட்டேன். வந்து அந்தக் கதவப் புடிச்சி இழுத்தேன். வரல. கண்ணாடிக்கு அந்தாண்ட அது அடிச்சிக்கினே இருந்துச்சி, ரெண்டு கையாலயும். தண்ணி என்னைக் கரைக்குத் தள்ளிடுச்சி. கரையில கெடந்தப்பதான் பட்டன் ஞாபகமே வந்துச்சி." அவன் தன் வலது கையைப் பார்த்தான். "ஒரு பட்டன்க்கா. வெளிய வர்றப்ப முழங்கை பட்டிருந்தாக்கூடப் போதும்."

தரைப்பாலத்தில் ஒரு கார் போன செய்தி அப்போது ஊருக்குள் பேசப்பட்டது பிலோமினாவுக்கு நினைவிருந்தது. அது ஆந்திரா வண்டி என்று சொன்னவனே ஜான்தான்.

"பட்டன் விஷயம் அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் காப்பாத்தத்தான் பாத்தேன்னு முதலாளி என் கையப் புடிச்சிக்கினு அழுதாரு. வண்டியக் கண்ணுல காட்டாத, காயலான் கடைக்குப் போட்டுடுன்னாரு. நசுக்கிடுவாங்களே... என்னால முடியல. இன்ஜினு, சீட்டுன்னு எல்லாத்தயும் சரி பண்ணேன், அந்தக் கதவத்தான் தொடல. நீயும் பஸ்ல தொங்கிக்கினு இருந்த."

மேற்கே வானம் கறுத்து இறங்கிவிட்டது. கதவைப் பிரித்தபடியே விட்டால் மழை உள்ளே போகும். பிலோமினா அவனைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. பழைய மோட்டாரின் மூன்று போல்ட்டைக் கழற்றி எடுத்துவிட்டுப் புதிய மிஷினை ஓட்டை வழியாக உள்ளே நுழைத்தாள். அதைப் போல்ட்டில் நிறுத்த ஒரு கை, கண்ணாடியை நேராகப் பிடித்துக்கொள்ள இரண்டு கை வேண்டும்.

"எறங்கி வந்து கண்ணாடியப் புடி" என்றாள்.

"அக்கா..."

"புடிடா."

வந்தான். அவள் டேப்பை உரித்ததும் இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியின் இரண்டு பக்கமும் வைத்துப் பிடித்தான். கண்ணாடி கதவுக்குள் கடகடவென்று ஆடியது. பிலோமினா பல்லைக் கடித்துக்கொண்டு பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மூன்று போல்ட்டையும் முறுக்கினாள். சுவிட்ச் ஒயரை மாட்டிச் சாவியைத் திருப்பி அழுத்தினாள். கண்ணாடி ஒரு முனகலோடு கீழே இறங்கியது. அடி வரை இறங்கி நின்றது. ஜான் கையை எடுத்துக்கொண்டு மதிலோரம் போய் உட்கார்ந்தான்.

அவன் எழுந்து வந்ததும், "அந்தப் பொண்ணோட அம்மா இன்னும் எளாவூர்லதான் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"என்னை வெட்டிடுவாங்கக்கா."

"நானும் வர்றேன்."

அன்றிரவு புயல் நெல்லூர்ப் பக்கம் போய்விட்டது. இங்கே மழை மட்டும் இரண்டு நாள் பெய்தது. மழை விட்ட அன்று காலை இருவரும் எளாவூருக்குப் போனார்கள். காரில் இல்லை, ஸ்கூட்டரில். அந்தக் காரை அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்த பிலோமினாவுக்கு மனம் வரவில்லை.

சுகந்தியின் அம்மா காசியம்மாள் ஒல்லியான பெண். முற்றத்தில் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தவள் ஜானைப் பார்த்ததும் எழுந்தாள். "ஒரு விஷயம் சொல்லணும்மா" என்று அவன் ஆரம்பிக்க, அவள் பிலோமினாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ வெளிய இரும்மா. அவன் மட்டும் உள்ள வரட்டும்."

கதவு சாத்திக்கொண்டது. தாழ் போடுகிற சத்தம் கேட்டது.

பிலோமினா தெருவில் நின்றாள். முதலில் ஜானின் குரல் தாழ்ந்து, விட்டு விட்டுக் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அழுகைச் சத்தமோ வசவோ அடியோ கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். எதுவும் இல்லை. எதிர்வீட்டுக்காரி இரண்டு முறை வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனாள். முக்கால் மணி நேரம் கழித்துத் தட்டிவிடலாம் என்று கையை ஓங்கும்போது தாழ் விலகியது. ஜான் வெளியே வந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. முகத்தில்தான் ரத்தமே இல்லை.

பாதி வழி வந்த பிறகுதான் பேசினான்.

"பட்டன் போட்டதச் சொன்னேன். அதுக்கு ஒண்ணுமே சொல்லலக்கா. கடைசில சுகந்தி யாரக் கூப்ட்டுச்சின்னு கேட்டாங்க."

"இன்னா சொன்ன?"

"அம்மான்னுதான் கத்துச்சின்னு சொன்னேன். எப்படிக் கத்துச்சி, என் காதாண்ட மெதுவாக் கத்திக் காட்டுன்னாங்க." ஸ்கூட்டர் தடுமாறி நேரானது. "மாசா மாசம் அமாவாசைக்கு வரச் சொல்றாங்க."

"எதுக்கு?"

"திரும்பச் சொல்றதுக்கு."

மாட்டேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தை அமாவாசைக்குப் போனான், மாசிக்குப் போனான், பங்குனிக்கும் போனான். ஒவ்வொரு முறையும் காலையில் போய் உச்சிவெயிலில் திரும்புவான். அன்று முழுக்கச் சாப்பாட்டைத் தொட மாட்டான். இனி போக வேண்டாம் என்று பிலோமினாவே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "நீதானக்கா இட்டுனு போன" என்றான்.

சித்திரையில் அவனுக்குக் கடும் காய்ச்சல். அமாவாசை அன்று எழுந்திருக்கவே முடியவில்லை. பிலோமினா அவனைத் தன் வீட்டில் கிடத்திக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பத்து மணி பஸ்ஸில் காசியம்மாள் வந்து இறங்கினாள். நண்டு விற்கிற பெண்களிடம் விசாரித்து விசாரித்து வந்து வாசலில் நின்றாள். பிலோமினா கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். கதவோரம் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"எங்கேம்மா அவன்?" என்றாள்.

பிலோமினாவுக்கு மறைக்கத் தோன்றவில்லை. உள்ளே கையைக் காட்டினாள்.

காசியம்மாள் போய் அவன் பாய் ஓரத்தில் உட்கார்ந்தாள். நெற்றியில் கையை வைத்துச் சூடு பார்த்தாள். விலகிக் கிடந்த போர்வையை இழுத்து அவன் கழுத்து வரை மூடினாள். பிறகு குனிந்து, அவன் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொடுத்தாள்.

"சொல்லுப்பா" என்றாள்.